மார்ச் இருபத்தெட்டுக்குள்

ஒக்கினாவா
7 மே 2023

அன்புள்ள ஜெஃப்ரினுக்கு,

ஆண்டவர் அருளால் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் நம் பிள்ளை ஜெனிலாவும் சுகம்தானே? நாகர்கோவிலில் காலேஜ் லீவு நாட்களில் எழுதிக்கொண்டதற்குப் பிறகு நமக்குள் கடிதமே இல்லை. பதினாறு வருடம் கழித்து மறுபடி பேனாவைப் பிடிக்கிறேன், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லை. இங்கே வீட்டோடு தங்கிக் கராத்தே படிக்கிறவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வந்த அன்றே எங்கள் ஆசான் சென்செய்யின் மனைவி ஃபுமிகோ அம்மா என் போனைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் டோஜோ பயிற்சிக்கூடத்து நம்பருக்குக் கூப்பிடு.

நாங்கள் நான்கு பேர். ஒரு கனடாக்காரன், இரண்டு ஜப்பான்காரர்கள், நான். முப்பத்தெட்டு வயதில் நான்தான் மூத்தவள். ஆனால் கடைசியாக வந்தவள் என்பதால் எல்லோருக்கும் கீழே இருப்பதும் நான்தான். தினமும் காலையில் ஈரத்துணியைத் தரையில் வைத்துக் குனிந்து ஓடியே கூடம் முழுவதையும் துடைக்கிறேன். ஃப்ரீமான்ட்டில் என் கராத்தே ஸ்கூலை ஒரு நாளாவது நான் துடைத்திருக்கிறேனா?

முதல் நாள் சென்செய் கேட்டார், கனடாக்காரன் மொழிபெயர்த்தான். "பதினான்கு வருஷம் சொல்லிக்கொடுத்தவ இங்க எதுக்கு வந்த?"

மறைக்கவில்லை. ப்ளாக் பெல்ட் டெஸ்டில் என் மாணவி தீக்ஷாவோடு நானே சண்டைக்கு நின்றதைச் சொன்னேன். முகத்துக்கு இரண்டு விரல் முன்னால் நிற்க வேண்டிய கால் நிற்காமல் போனதையும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வலது காது கேட்காமல் போனதையும் சொன்னேன். "காலை நிறுத்தக் கத்துக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் பாதத்தையே பார்த்தார். "முதல்ல சும்மா நில்லு. ஒரு வருஷம்" என்றார்.

விசா மூன்று வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பயந்துவிடாதே. ஒரே வருடம்தான். ஜெனிலாவுக்கு என் முத்தம்.

உன் ஜெஸ்மி


ஃப்ரீமான்ட்
2 ஜூலை 2023

அன்புள்ள ஜெஸ்மிக்கு,

மாதம் ஒரு கடிதம் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஜூன் மாதக் கடிதம் எங்கே? தபால்காரனைக் குறை சொல்லலாமென்றால், அவன் கூப்பன் புத்தகமெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டுவிட்டுப் போகிறான்.

இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சன்னிவேல் ஆபீஸில் ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஆறு மணிக்குள் ஜெனிலாவை டேகேரில் பிக்கப் பண்ண முடிகிறது. ஃப்ரீவேயில் ஒரு ஆக்சிடென்ட் என்றால் போச்சு. போன வாரம் ஆறரை ஆகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், இவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். காரில் ஏறியவள், "அம்மா எப்பவுமே சீக்கிரம் வருவா" என்றாள். தமிழில் சொன்னாள் ஜெஸ்மி. திட்டுவதற்கு மட்டும் தமிழ் வருகிறது.

உன் ஸ்கூலில் அச்சுதன் வாரம் மூன்று நாள் க்ளாஸ் எடுக்கிறான், நல்ல மாணவனைத்தான் உருவாக்கியிருக்கிறாய். ஆனால் ஜெனிலா அங்கே போக மாட்டேன் என்கிறாள்.

மௌரி அவென்யூவில் காய்கறிக் கடையில் சாரதாவைப் பார்த்தேன். தீக்ஷாவின் அம்மா முன்னால் எப்படி நிற்பது என்று வண்டியைத் திருப்பப் பார்த்தேன். அவரே வந்து, "ஜெஸ்மி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நல்லா இருக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஜெஃப்ரின்


ஒக்கினாவா
10 மார்ச் 2024

அன்புள்ள ஜெஃப்ரினுக்கு,

கோபப்படாமல் படி. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

இந்தப் பத்து மாதத்தில் நான் ஒரு உதைகூட உதைக்கவில்லை. நிற்பது, மூச்சு விடுவது, மூன்று அடி முன்னால் போவது, திரும்புவது, மறுபடி நிற்பது. அவ்வளவுதான். சென்செய் பின்னாலிருந்து தோளில் அடித்துப் பார்ப்பார், தொடையில் மிதித்துப் பார்ப்பார். முதல் ஆறு மாதமும் நான் ஆடினேன். ஜனவரியில் ஒரு நாள் அடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனிடம் போய்விட்டார். அதுதான் இங்கே பாராட்டு. அன்று துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போதுதான் காலைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் கிளம்பி வந்தால் வந்ததற்கே அர்த்தமில்லை. இன்னும் ஒரு வருடம் கொடு. தீக்ஷா முகத்தைப் பார்க்கிற தைரியத்தோடு வருகிறேன்.

ஜெனிலா பிறந்தநாளுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அவளை இரண்டு வரி எழுதச் சொல்லேன். இங்கிலீஷில் எழுதினாலும் சரி.

உன் ஜெஸ்மி


ஃப்ரீமான்ட்
1 ஏப்ரல் 2024

ஜெஸ்மி,

முழுவதும் படித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன். மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை.

சரி. இரு. நான் வேண்டாம் என்று சொல்லி நீ வந்து, சமையலறையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதற்கு இது மேல். ஆனால் ஒன்றை ஞாபகம் வை. க்ரீன் கார்டு வைத்துக்கொண்டு நாட்டுக்கு வெளியே இருக்க உனக்குக் கொடுத்திருக்கிற பெர்மிட் 2025 மார்ச் 28 வரைதான். அதை வெளியிலிருந்து நீட்டிக்க முடியாது. அதற்குள் நீ இங்கே வந்து இறங்காவிட்டால் கார்டு போனது போனதுதான். பத்து வருடம் காத்திருந்து வாங்கினோம்.

பார்சல் வந்தது. அழகான சட்டை. அவளுக்கு இரண்டு சைஸ் சின்னதாக இருக்கிறது. எழுதச் சொன்னேன். "ஐ டோன்ட் வான்ட் டு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெஃப்ரின்


ஒக்கினாவா
24 நவம்பர் 2024

அன்புள்ள ஜெஃப்ரினுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். பயிற்சி நன்றாகப் போகிறது. பிப்ரவரியில் சென்செய் எனக்கு டெஸ்ட் வைப்பார் போலிருக்கிறது. இங்கே குளிர் அதிகமில்லை. ஜெனிலா நன்றாகப் படிக்கிறாளா? நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

உன் ஜெஸ்மி


ஃப்ரீமான்ட்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜெஸ்மிக்கு,

எட்டு மாதம் கழித்து அரைப் பக்கம். கிறிஸ்துமஸ் பூசையில் ஆளாளுக்கு விசாரித்தார்கள். அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் பதில் சொன்னேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன், இதோடு இருக்கிறது. மார்ச் 26 நாஹாவிலிருந்து டோக்கியோ, அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ. டெஸ்ட் பிப்ரவரியில் என்றால் தாராளமாக நேரம் இருக்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஸ்கூலை மூடியாயிற்று. அச்சுதனுக்கு டெக்சஸில் வேலை கிடைத்து ஆகஸ்டில் போய்விட்டான். அந்த இடத்தில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். உன் பயிற்சி கெட்டுவிடும் என்று எழுதாமல் இருந்தேன். வா. வந்து வேறு இடம் பார்க்கலாம்.

போன சனிக்கிழமை தீக்ஷா வீட்டுக்கு வந்தாள். தானே ட்ரைவ் பண்ணிக்கொண்டு வந்தாள், லைசன்ஸ் வாங்கிவிட்டாளாம். சாண்டா க்ரூஸில் காலேஜுக்கு அப்ளை பண்ணியிருக்கிறாள். சோபாவில் எனக்கு இடதுபக்கமாக இருந்தவள் எழுந்து வந்து வலதுபக்கம் உட்கார்ந்தாள். கேட்கிற காது என் பக்கம் இருக்க வேண்டுமே.

"ஜெஸ்மி ஆன்டி எப்ப வருவாங்க?"

"மார்ச்ல வந்துருவா. உனக்காகத்தான் இவ்வளவு நாள் அங்க கஷ்டப்படுறா."

அவள் முகம் மாறிவிட்டது. "எனக்காகவா? நான் கேக்கவே இல்லையே அங்கிள். ஹாஸ்பிடல்ல இருந்து வந்தப்புறம் ஒரு தடவைகூட ஆன்டி என்னைப் பாக்க வரலை. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அந்த நேரத்துல தலையைத் திருப்பியிருக்கக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

ஜெஸ்மி, இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு உன் கால் நிற்பதெல்லாம் தேவையே இல்லை. நீ அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

பதில் போடு.

உன் ஜெஃப்ரின்


ஃப்ரீமான்ட்
13 பிப்ரவரி 2025

ஜெஸ்மி,

பதில் வரவில்லை. உயிர் போகிற அவசரம் என்றால் கூப்பிடச் சொன்னாயே, நேற்று கூப்பிட்டேன்.

அந்தக் கனடாக்காரன்தான் எடுத்தான். உன் பெயரைச் சொன்னதும் தயங்கினான். "ஜெஸ்மி இங்கே இல்லை சார். செப்டம்பரிலேயே போய்விட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். எங்கே போனாள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியாதாம். என் கடிதங்களை ஃபுமிகோ அம்மா எடுத்து வைப்பாராம், நீ மாதம் ஒருமுறை வந்து வாங்கிக்கொண்டு போவாயாம்.

செப்டம்பர். நவம்பரில் எனக்கு எழுதினாயே, பயிற்சி நன்றாகப் போகிறது என்று? எந்தப் பயிற்சி? யாரோடு இருக்கிறாய்? இதைக் கேட்க எனக்கே கூசுகிறது. ஆனால் நேற்றிலிருந்து மூளை அங்கேதான் சுற்றுகிறது. ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்தவன் இடம் மாறி உட்கார்ந்தான்.

வேறு யாராவது இருந்தால் இருக்கிறார் என்று எழுது. என்னால் தாங்க முடிகிறதோ இல்லையோ, அது என் பாடு. இல்லாத டெஸ்டை இருப்பதாக எழுதாதே.

ஜெஃப்ரின்


ஒக்கினாவா
26 பிப்ரவரி 2025

ஜெஃப்ரின்,

யாரும் இல்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

போன ஜூனில் என் வலது முட்டி போய்விட்டது. அடிபட்டெல்லாம் இல்லை. உதைத்து, நிறுத்தி, காலை இறக்கினேன், உள்ளே எதுவோ பிய்ந்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி, அவளுக்கு நான் பேசுவது புரியாது, எனக்கு அவள் பேசுவது புரியாது. இருவரும் பிஸ்கட் பங்கிட்டுக்கொண்டோம். உனக்குச் சொல்லக் கை வரவில்லை.

இனி உதைக்கக் கூடாது, மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செப்டம்பரில் சென்செய் கூப்பிட்டார். "வீட்டுக்குப் போ. இங்கே உனக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. பிள்ளை அங்கே இருக்கிறது." கெஞ்சினேன் ஜெஃப்ரின். தரை துடைக்கிறேன், சமைக்கிறேன், ஓரமாகப் பார்த்துக்கொண்டாவது இருக்கிறேன் என்றேன். எழுந்து போய்விட்டார். ஃபுமிகோ அம்மா என் போனை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்தத் துணியை அவிழ்க்காமலே பெட்டியில் வைத்தேன். உன்னிடம் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

ஃபுமிகோ அம்மாவின் தங்கை வடக்கே கடலோரத்தில் ஒரு விடுதி நடத்துகிறார். பயணிகள் வருவார்கள், போவார்கள். அங்கே விரிப்பு மாற்றுகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைத்தது. ஆறு மாதமாக இதுதான் என் பயிற்சி.

ஏன் வரவில்லை என்று கேட்பாய். தீக்ஷாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்று காரில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "இனிமே எவன் தன் பிள்ளையை உன்கிட்ட அனுப்புவான்?" பயத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பதில் சொல்லத்தான் கிளம்பினேன். ஒரு வருடத்தில் சரியாகிவிடுவேன், எவனும் அனுப்புவான் என்று. இப்போது என்ன பதில் இருக்கிறது? பிள்ளையையும் விட்டு, உன்னையும் விட்டு, இரண்டு வருடம் கழித்து நொண்டிக்கொண்டு வந்து நிற்கவா?

தீக்ஷா சொன்னதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு நாள் போயிருந்தால் போதுமாமே. அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

டிக்கெட் என்னிடம் இருக்கிறது. 26ஆம் தேதி ஏறிவிடுவேன். என்னைத் திட்டு, அடி, ஆனால் ஏர்போர்ட்டுக்கு வா.

ஜெஸ்மி


ஃப்ரீமான்ட்
30 மார்ச் 2025

ஜெஸ்மி,

வந்தோம். ஜெனிலாவுக்கு ஸ்கூலில் லீவு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். தலையைத் தானே வாரிக்கொண்டாள். இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி வாரினாள். அம்மாவுடன் பேச மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், ஆட்கள் வெளியே வர ஆரம்பித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தாள். மூன்று மணி நேரம். கடைசியில் விமான ஊழியர்கள் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கவுன்டரில் கேட்டேன், நாஹாவிலேயே நீ ஏறவில்லை என்றார்கள்.

"டிட் ஷி மிஸ் இட்?" என்றாள். ஆமாம், நாளைக்கு வருவா என்றேன். அவள் என்னை நம்பவில்லை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

27ஆம் தேதி நான் மட்டும் போனேன். 28ஆம் தேதியும் போனேன். ஒவ்வொரு டோக்கியோ விமானத்துக்கும் நின்றேன். உன் போன் அணைத்தே இருக்கிறது.

இன்று முப்பது. கார்டு போய்விட்டது. எனக்கு இப்போது கோபம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. என்ன நடந்தது என்று மட்டும் எழுது. அதற்குப் பிறகு எழுத வேண்டாம்.

ஜெஃப்ரின்


ஒக்கினாவா
9 ஏப்ரல் 2025

ஜெஃப்ரின்,

போர்டிங் கார்டு கையில் இருந்தது. பெட்டி உள்ளே போய்விட்டது. கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மூன்று தடவை. எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று எழுதலாம். அன்று வலிக்கவே இல்லை. ஒரு பெண் வந்து என் தோளைத் தொட்டு ஏதோ கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜெனிலா கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்ததை எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லாதே. வேறு ஏதாவது சொல். உன்னை நான் பிடித்து வைக்கவில்லை, நீ எந்தக் காகிதம் அனுப்பினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. வேலை செய்கிறேன். விடுதிக்கார அம்மா போன வாரத்திலிருந்து தன் படுக்கையை என் அறைக்கே கொண்டுவந்துவிட்டார். நான் கடலோரம் நடக்கப் போனாலும் கூடவே வருகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜெஸ்மி


ஃப்ரீமான்ட்
1 ஜூன் 2025

ஜெஸ்மிக்கு,

உன் கடிதத்தின் கடைசி நான்கு வரியைப் படித்த அன்றே ஃபுமிகோ அம்மாவிடம் நம்பர் வாங்கி விடுதிக்குக் கூப்பிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்கு இருபது இங்கிலீஷ் வார்த்தை தெரியும். "ஷி ஈட். ஷி வொர்க். நோ டாக். யூ கம்" என்றார். அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அதேதான், யூ கம்.

காகிதம் எதுவும் அனுப்பவில்லை. நாங்கள் வருகிறோம். என் ஜப்பான் விசா நேற்று வந்துவிட்டது. அமெரிக்க பாஸ்போர்ட் இருப்பதால் ஜெனிலாவுக்கு விசா தேவையில்லை. ஜூன் 14 நாஹா. ஆபீஸில் எட்டு வாரம் லீவு கேட்டேன். மேனேஜர் முகம் சுளித்தான், கொடுத்தான். ஸ்கூல் திறக்க ஆகஸ்ட் ஆகும். அதற்குள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். பிரிவதென்றாலும் நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பிரிவோம். ஏர்போர்ட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பிரிய மாட்டேன்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஜெனிலா இரண்டு மாதமாக என்னுடனும் சரியாகப் பேசுவதில்லை. அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. காரில் நான் சொன்னதை நீயும் மன்னிக்க வேண்டாம். எனக்கு அது ஞாபகமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய அவமானம். அன்று வண்டி ஓட்டியது ஞாபகம் இருக்கிறது, மழை ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது மட்டும் ஞாபகம் இல்லை. நீ எழுதிய பிறகு தினமும் ஃப்ரீவேயில் அந்த இடத்தைத் தாண்டும்போது என் குரல் கேட்கிறது.

சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருக்கிறேன். அது வந்தால் உனக்கு மறுபடி கார்டு கேட்கலாம், ஒன்றரை இரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அதையும் அங்கே வந்து பேசிக்கொள்வோம்.

ஜெனிலாவிடம் உண்மையைத்தான் சொன்னேன். அம்மாவுக்கு நம்மைப் பார்க்கப் பயம், அதனால்தான் ஏறவில்லை என்றேன். "தட்ஸ் சோ டம்ப்" என்றாள். பிறகு, "நான் வரேன். ஆனா ஹக் பண்ண மாட்டேன்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை, நீயும் கையை நீட்டாதே. அவளாக வரும்வரை இரு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாங்கள் கிளம்பியிருப்போம், பதில் எழுத நேரமிருக்காது. ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். பஸ் எங்கே நிற்கும் என்று விடுதிக்கார அம்மா சொல்லியிருக்கிறார்.

ஜெனிலா மீன் சாப்பிடுவதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. உனக்குத் தெரியாது. அவளுக்கு முட்டையில் ஏதாவது செய்து வை.

ஜெஃப்ரின்